வெட்கத்தினால் மறைக்கப்படும் வியாதி



இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்ட காரியம் சபைகளில் ஒருவரும் வாய்திறந்து பேசாத ஒன்று. சகோதரிகள் கூடுகையில் மார்பகப் புற்றுநோயைக் குறித்தும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் குறித்தும் மருத்துவர்களை அழைத்துப் பேசவைக்கிறோம். அது நல்லதே. வாலிபர் கூடுகையிலோ ஆண்பிள்ளைகளின் சரீரத்துக்கு வரும் வியாதிகளைக் குறித்து ஒரு வார்த்தையும் சொல்லப்படுவதில்லை. ஆகையால் இம்முறை விதைப் புற்றுநோயைக் குறித்து எழுதுகிறேன். வாலிபர்கள் மாத்திரமல்ல, கைக்குழந்தையுள்ள தாய்மாரும் இதை வாசிக்க வேண்டும். அதன் காரணம் சற்றுப் பின்னால் விளங்கும்.

ஆணின் விதைப்பைக்குள் இரண்டு விதைகள் உள்ளன. பள்ளிப் பாடநூல்கள் இவற்றை விந்தகம் என்று அழைக்கின்றன. நமது வேதாகமத்தில் வழங்கும் சொல்லும் ஊரில் பெரியவர்கள் சொல்லும் சொல்லும் விதை என்பதே. ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன். பெரும்பாலான புற்றுநோய்கள் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களைத் தேடி வருகின்றன. இதுவோ 15 வயது முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களையே அதிகமாகப் பிடிக்கிறது. நம் தேசத்தில் இது அபூர்வமான வியாதி. ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. நார்வே, டென்மார்க் போன்ற தேசங்களில் இது பல மடங்கு அதிகம். அபூர்வமானதைக் குறித்து இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். மனித சரீரத்தில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய முற்றிலும் குணமாக்கத்தக்க ஒன்று இது. அப்படியிருந்தும் ஒரு வாலிபன் இதனால் மரிப்பானானால், பெரும்பாலும் காலதாமதமே அதற்குக் காரணமாயிருக்கும். அந்தத் தாமதத்துக்கு வெட்கமே பெரிய காரணம்.

நம்முடைய பிள்ளைகளின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தென்மாவட்டத்திலிருந்து மும்பைக்கோ பெங்களூருக்கோ சூரத்துக்கோ வேலைக்கு வந்த ஒரு வாலிபன், சிறிய அறையொன்றில் ஐந்தாறு பேரோடு தங்கியிருக்கிறான். பொதுக் குளியலறையில் வரிசையில் நின்று, இரண்டு வாளித் தண்ணீரில் அவசரமாகக் குளிக்கிறான். தன் சரீரத்தை நிதானமாய்க் கவனிக்க அவனுக்கு இடமுமில்லை, நேரமுமில்லை. கையில் ஏதோ கட்டி தட்டுப்படுகிறது என்று அறிந்தாலும் யாரிடம் சொல்லுவான்? ஊரிலிருக்கும் அம்மாவிடம் கைபேசியில் சொல்லத்தக்க காரியமா இது? அறையிலுள்ளவர்களிடம் சொன்னால் கேலி செய்வார்கள். போதகரிடம் சொன்னால் ஞாயிறு ஆராதனையில் பெயரைச் சொல்லி ஜெப விண்ணப்பமாக வாசித்துவிடுவாரோ என்ற பயம் வேறு. உடன் ஊழியர்கள் இதைக் கவனிப்பார்களாக: இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பெயர் சொல்லாமல் ஏறெடுத்தாலும் கர்த்தர் ஆளை அறிவார்.

இந்த வியாதியை விளங்கிக்கொள்ள, விதைகள் எங்கே உருவாகின்றன என்பதை முதலாவது அறிந்துகொள்ள வேண்டும். தாயின் கர்ப்பத்தில் ஆண் சிசு உருவாகும்போது, விதைகள் விதைப்பையில் உண்டாவதில்லை. வயிற்றின் உட்புறத்தில், சிறுநீரகங்களுக்கு அருகில் அவை உருவாகி, மாதங்கள் செல்லச்செல்லக் கீழே இறங்கி, அரைப்பகுதியின் வழியாக வந்து, பிரசவத்துக்கு முன்பாக விதைப்பையை அடைகின்றன. சரீரத்தின் மற்ற உள்ளுறுப்புகளைவிட அவை சற்றுக் குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டியிருப்பதால், சிருஷ்டிகர் அவற்றுக்குச் சரீரத்துக்கு வெளியே இடம் ஒதுக்கியிருக்கிறார்.

சில ஆண்குழந்தைகளுக்கு இந்தப் பயணம் பாதியில் நின்றுபோகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண்குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில், ஒரு விதையோ இரண்டுமோ இறங்காமல் பிறக்கின்றனர். குறைமாதக் குழந்தைகளில் இது மிகவும் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே விதை தானாக இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் இனித் தானாக இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் சிறிய அறுவைசிகிச்சை செய்து விதையைக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். இப்படி இறங்காத விதையே இப்புற்றுநோய்க்கு மிகத் தெளிவாக அறியப்பட்ட காரணம். மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து சில மடங்கு அதிகம். அறுவைசிகிச்சையைச் சிறுவயதிலேயே செய்தால் அந்த ஆபத்து குறைகிறது, பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கும் அது உதவுகிறது.

தாய்மாரே, குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டும்போது இதைப் பார்த்துக்கொள்ளலாம். உடல் தளர்ந்திருக்கும் அந்நேரத்தில் இரண்டு பக்கமும் விதை இருக்கிறதா என்று எளிதாய்த் தெரியும். ஒரு பக்கம் வெறுமையாயிருந்தால், "அவனுடைய தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்தது, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று மாமியார் சொன்னாலும், குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காண்பியுங்கள். ஐந்து வயதிலும் பத்து வயதிலும் கண்டுபிடிக்கப்படும் பிள்ளைகள் நம் நடுவில் இன்னும் இருக்கிறார்கள். தாமதமானாலும் அறுவைசிகிச்சை அவசியமே. சிறுவயதில் இந்த அறுவைசிகிச்சை செய்யப்பட்டவன் வாலிபனாகும்போது அதை அவனுக்குச் சொல்லிவிடவும் வேண்டும். பெற்றோர் மறைத்துவிட்டால், தான் விசேஷமாய்க் கவனமாயிருக்க வேண்டியவன் என்பதை அவன் எப்படி அறிவான்?

வேறு காரணங்களும் உண்டு. தகப்பனுக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ இவ்வியாதி வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது. தகப்பனைவிடச் சகோதரனுக்கு வந்திருப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரு விதையில் வந்தவருக்குப் பிற்காலத்தில் மற்றதிலும் வரக்கூடும். பிள்ளையில்லாமைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களில் சிலருக்கு இது கண்டுபிடிக்கப்படுவதுண்டு. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. யாதொரு காரணமும் காட்ட முடியாமலே வருகிறது. இதை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு.

"வாலிப வயதின் தவறு" என்று சுவர்களில் விளம்பரம் எழுதி, லாட்ஜ்களில் அறை எடுத்து முகாம் நடத்தும் வைத்தியர்களை நீங்கள் அறிவீர்கள். சுயஇன்பத்தினால் விதை சுருங்கும், வீங்கும், புற்று வைக்கும் என்று அவர்கள் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். அது பொய். சுயஇன்பத்துக்கும் விதைப் புற்றுநோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பரிசுத்த ஜீவியத்தைக் குறித்து வாலிபர்களுக்குப் போதிக்க வேறு இடமும் வேறு முறையும் உண்டு. அதற்காக ஒரு வியாதியைப் பொய்யான தண்டனையாகக் காட்டுவது ஊழியமல்ல. இந்தக் குற்ற உணர்வினாலேயே கட்டியை மறைத்துவைக்கும் பிள்ளைகள் உண்டு. வெளியே சொன்னால் தன் அந்தரங்கப் பாவம் வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவஞ்செய்தவன் இவனோ, இவனைப் பெற்றவர்களோ என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலை நாம் அறிவோம்.

கிரிக்கெட் பந்து பட்டதினாலோ, சைக்கிள் ஓட்டுவதினாலோ, இறுக்கமான உள்ளாடையினாலோ, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சையினாலோ இது வருவதில்லை. அடிபட்ட நாளில் கையை வைத்துப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி தெரியவருவதுண்டு. அதைக் கொண்டு, அடிபட்டதினால் வந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இது தொற்றுவியாதியும் அல்ல.

இனி அறிகுறிகள். முதன்மையானது, விதையில் ஒரு கடினமான கட்டி, அல்லது விதையே பெரிதாகிக் கடினமாவது. சிறு கல்லைப்போல, பட்டாணியைப்போல அது கையில் படும். பெரும்பாலும் வலி இருக்காது. வலியில்லாததினாலேயே வாலிபர்கள் அதை அலட்சியம் செய்கிறார்கள். பல்வலிக்கு ஓடுகிறவன் இதற்கு ஓடுவதில்லை. சிலருக்கு விதைப்பையில் பாரமான உணர்வும், அடிவயிற்றிலோ அரையிலோ மந்தமான வலியும், திடீரென்று நீர் கோத்ததுபோன்ற வீக்கமும் உண்டாகும். சில வகைக் கட்டிகள் சுரக்கும் ஹார்மோனினால் மார்பு பெண்களைப்போலப் பெரிதாகி வலிக்கவும் கூடும். பரவிவிட்ட நிலையில் இடுப்புக்கு மேலே முதுகு வலி, இருமல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் ஆகியவை காணப்படும். முதுகு ஏன் வலிக்கிறது? விதை சிறுநீரகத்தின் அருகே உருவாகிக் கீழே இறங்கியது என்று கண்டோமல்லவா? அதன் நிணநீர்க் குழாய்கள் இன்றும் அந்தப் பழைய இடத்துக்கே செல்லுகின்றன. ஆகையால் புற்று முதலாவது பரவுவது வயிற்றின் பின்புறத்திலுள்ள நெறிகளுக்கு, பின்னர் நுரையீரலுக்கு. மூட்டை தூக்கியதினால் வந்த முதுகுவலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயது வாலிபனுக்கு, விதையில் கட்டி உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு வாலிபனும் பயத்தோடே மாதந்தோறும் தன்னைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிகுறி ஒன்றுமில்லாத எல்லோருக்கும் அப்படிப்பட்ட சோதனையை மருத்துவ வல்லுநர் குழுக்களும் கட்டாயமாகப் பரிந்துரைப்பதில்லை. தன் சரீரம் சாதாரணமாக எப்படியிருக்கிறது என்று ஒருவன் அறிந்திருந்தால் போதுமானது. குளித்தபின் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாய் உருட்டிப் பார்த்தால், அவித்த முட்டையைப்போல வழவழப்பாய் இருக்கும். பின்புறத்தில் மெல்லிய கயிறுபோல ஒன்று தட்டுப்படும். அது விந்து சேரும் குழாய், வியாதியல்ல. ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவும், ஒரு பக்கம் தாழ்ந்தும் இருப்பது இயல்பே. மாற்றம் தெரிந்து இரண்டு வாரமாகியும் மறையாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒரு காரியம் வேறு. விதையில் திடீரென்று தாங்கமுடியாத வலியும் குமட்டலும் உண்டானால், அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கக்கூடும். இது புற்றுநோயல்ல; ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்யாவிட்டால் விதை செத்துப்போகும். நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விதைப்பையில் வரும் வீக்கங்களில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. நீர் கோப்பதனால் வரும் ஹைட்ரோசீல், குடலிறக்கம், நரம்பு சுருட்டல், கிருமித்தொற்று, காசநோய், யானைக்கால் நோய்க் கிருமி ஆகியவற்றினாலும் வீக்கம் வரும். இவை நம் நாட்டில் சாதாரணமாயிருப்பதே ஒருவகையில் ஆபத்தாகிறது. தெருமுனை மருத்துவர் பார்த்தவுடன் "ஹைட்ரோசீல்தான்" என்று சொல்லி மாத்திரை கொடுத்துவிடுகிறார். மாத்திரை கொடுப்பதில் தவறில்லை. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மறுபடியும் அதே மாத்திரையை வாங்கி விழுங்காமல், விதைப்பை ஸ்கேன் எடுக்கும்படி கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு எடுப்பதுபோன்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே அது. வலியில்லை, சிறிது நேரத்தில் முடிந்துவிடும். கட்டி விதைக்குள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அது தெளிவாய்க் காட்டிவிடும். விதைக்குள் இருக்கும் கடினமான கட்டி, வேறு என்று நிரூபிக்கப்படும் வரையில் புற்றுநோயென்றே கருதப்பட வேண்டும்.

அடுத்து இரத்தத்தில் மூன்று பரிசோதனைகள்: ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். இவற்றில் பீட்டா எச்.சி.ஜி. என்பது பெண்களுக்குக் கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கும் அதே ஹார்மோன். ஒரு வாலிபனுடைய இரத்தத்தில் அது ஏறியிருந்தால் அது எச்சரிப்பின் சத்தம். அறுவைசிகிச்சைக்கு முன்பே இவற்றை எடுக்க வேண்டும். பின்னால் சிகிச்சை பலன் தருகிறதா என்று அளக்கும் கோல் இவைகளே. நெஞ்சு, வயிறு ஆகியவற்றை சி.டி. ஸ்கேன் எடுத்து, பரவியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சிகிச்சையின் முதற்படி, பாதிக்கப்பட்ட விதையை முழுவதுமாக அகற்றுவது. இங்கே ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். இந்த அறுவைசிகிச்சை விதைப்பையைக் கீறிச் செய்யப்படுவதில்லை. குடலிறக்கத்துக்குச் செய்வதுபோல அரைப்பகுதியில் கீறி, விதையை அதன் தண்டோடு மேலே எடுக்கிறார்கள். விதைப்பையைக் கீறினாலோ, ஊசியால் குத்திச் சதை எடுத்தாலோ, புற்று வேறு வழியாய்ப் பரவ இடமுண்டாகும். விதைப்பையின் தோல் அரையிலுள்ள நெறிகளோடு தொடர்புடையது, விதையோ வயிற்றின் பின்புற நெறிகளோடு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஹைட்ரோசீல் என்று எண்ணி அவசரமாய்க் கீறிவிட்டு, பிறகு புற்றுநோய் என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. ஸ்கேன் எடுக்காமல் கத்திக்கு ஒப்புக்கொடுக்காதீர்கள்.

எடுத்த விதையைப் பரிசோதிக்கும்போது, செமினோமா, செமினோமா அல்லாதது என்று இரு பெரும் வகைகளில் எது என்று தெரியும். முதலாவது வகை மெதுவாய் வளரும். இரண்டாவது வகையில் சில வாரக்கணக்கில் இரட்டிப்பாகும். விதையை விட்டுப் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அறுவைசிகிச்சைக்குப் பின் மருந்துகூடத் தேவைப்படுவதில்லை. ஒழுங்காய் வந்து பரிசோதித்துக்கொண்டாலே போதும். சிலருக்கு ஓரிரு முறை கீமோதெரபி, செமினோமாவாயிருந்தால் சில வேளைகளில் கதிர்வீச்சு. பரவிய நிலையிலும் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் குணமாகிறார்கள். நுரையீரலுக்குப் பரவிய பின்பும் குணமாகும் என்று துணிந்து சொல்லக்கூடிய புற்றுநோய்கள் மிகச் சிலவே. அவற்றில் இது முன்னிற்கிறது.

இப்படி எப்போதும் இருந்ததில்லை. 1970-களின் தொடக்கம் வரையில், இது பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. மாற்றம் வந்த விதம் சிந்திக்கத்தக்கது. 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் பாயும்போது பாக்டீரியாக்கள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். அவை பிரிந்து பெருகாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. மின்சாரம் அதற்குக் காரணமல்ல என்றும், மின்முனையாக வைத்திருந்த பிளாட்டினம் உலோகம் கரைந்து உண்டான சேர்மமே செல்கள் பிரிவதைத் தடுத்தது என்றும் கண்டு 1965-இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்ததே சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து. 1974-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர், வேறு இரண்டு மருந்துகளோடு இதைச் சேர்த்து, மற்ற மருந்துகள் யாவும் கைவிட்ட ஜான் கிளீலண்ட் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவருக்குக் கொடுத்தார். நுரையீரலில் நிறைந்திருந்த கட்டிகள் மறைந்தன. அவர் பிழைத்து, பின்னாளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1978-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. இன்று இதை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. புற்றுநோய் மருந்துகளில் மலிவானவற்றுள் இதுவும் ஒன்று.

நம் வாலிபர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங். 2011 உலகக் கோப்பையில் தொடர் நாயகனாக விளங்கிய அவர், அந்நாட்களில் இருமலோடும் மூச்சுத்திணறலோடும் விளையாடினார். பின்பு அவருடைய இரு நுரையீரல்களுக்கும் நடுவில் செமினோமாக் கட்டி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. விதையில் வரும் அதே வகைப் புற்றுநோய், சிலருக்கு விதையில் அல்லாமல் நெஞ்சில் தோன்றுவதுண்டு. 2012-இல் அதே ஐன்ஹார்னின் கண்காணிப்பில் கீமோதெரபி பெற்று, அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவுக்காக மறுபடியும் விளையாட இறங்கினார்.

பரவிய நிலையிலுள்ளவர்களுக்கு இன்று கொடுக்கப்படுவது பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று என்று மூன்று அல்லது நான்கு சுற்றுகள். வாந்தி, முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைதல், காதில் இரைச்சல், விரல்களில் மரமரப்பு ஆகியவை வரும். வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் உண்டு, முடி திரும்ப வளரும். இச்சிகிச்சையில் முக்கியமானது, குறித்த நாளில் குறித்த சுற்றைப் பெறுவது. இரண்டு சுற்று முடிந்ததும் கட்டி கரைந்துவிடும். இரத்த அளவும் இறங்கிவிடும். உடனே ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இடையில் விட்டால் மிஞ்சியிருக்கும் புற்று மருந்துக்கு அடங்காததாய்த் திரும்ப வரும். வேலைசெய்யும் நகரத்தில் சிகிச்சை பெறுவதா, ஊருக்கு அருகில் பெறுவதா என்பதைத் தொடங்குமுன்னே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மும்பையில் பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையும், பெங்களூரில் கிட்வாய் நிறுவனமும், சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், வேலூர் சி.எம்.சி.யும் இதில் அனுபவமுள்ளவை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைக் கொண்டுபோங்கள். 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில், சொந்த மாநிலத்துக்கு வெளியேயும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். மருத்துவமனையிலுள்ள சமூகநலப் பணியாளரைக் கண்டு பேசினால் வழி சொல்லுவார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது கடைசியில் செய்யத்தக்கது.

கீமோதெரபி தொடங்குமுன் விந்து வங்கியைக் குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவரே சொல்லாவிட்டாலும் கேளுங்கள். மருந்தினால் விந்தணுக்கள் குறைந்து, பலருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் திரும்ப உண்டாகும், சிலருக்கு உண்டாவதில்லை. முன்னதாகச் சேமித்துவைத்தால், பிற்காலத்தில் அவனுடைய மனைவி அவனுடைய பிள்ளையையே சுமக்க வழியிருக்கும். திருமணமாகாத மகனிடம் இதைப் பேசப் பெற்றோர் கூசுகிறார்கள். மருந்து ஏறிய பின்பு பேசிப் பயனில்லை.

ஜெபத்தைக் குறித்து எழுதாமல் விட்டால் நம் வாசகர்கள் கேட்பார்கள். மருந்தே எடுக்கலாகாது என்று போதிக்கும் சபைகள் நம் பெந்தெகொஸ்தே வட்டாரத்தில் உண்டு என்பதை அறிவேன். அவர்களுடைய பக்தியைக் குறித்து எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் எசேக்கியா ராஜா கண்ணீர்விட்டு ஜெபித்து, பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தரப்படும் என்ற வாக்கைப் பெற்ற பின்பும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் வைக்கச் செய்தார். வாக்கைப் பெற்றவன் மருந்தை மறுக்கவில்லை. உபவாச ஜெபத்தில் அமர்ந்திருக்கும் வாரங்களிலும் கட்டி வளரும். கையை வைத்து ஜெபித்த ஊழியக்காரரே மறுநாள் அந்தப் பிள்ளையோடு ஸ்கேன் எடுக்கப் போனால் நலமாயிருக்கும். அறிக்கையைப் பாராமல் சாட்சி சொல்லவைக்கவும் வேண்டாம்.

விதை அகற்றப்பட்ட வாலிபர்களை வாட்டும் வேறொரு கேள்வியும் உண்டு. உபாகமம் 23-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசித்துவிட்டு, நான் இனிச் சபைக்குள் வரலாமா, பீடத்தில் நிற்கலாமா என்று இரகசியமாய்க் கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வசனம், புறஜாதியார் தங்கள் தெய்வங்களுக்காகவும் அரண்மனைச் சேவைக்காகவும் ஆண்களை அங்கவீனராக்கிய காலத்தில் இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்டது. வியாதிக்கு வைத்தியம் செய்துகொண்டவனை நோக்கிச் சொல்லப்பட்டதல்ல. அண்ணகர்களுக்குத் தம்முடைய ஆலயத்தில் குமாரர் குமாரத்திகளைப் பார்க்கிலும் உத்தமமான இடத்தையும் நாமத்தையும் கொடுப்பதாகக் கர்த்தர் ஏசாயா 56-இல் வாக்களித்திருக்கிறார். அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு வனாந்தர வழியில் ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பிய மந்திரியும் ஓர் அண்ணகரே. தண்ணீரைக் கண்டவுடன் தடையென்ன என்று கேட்டார். பிலிப்பு தடை ஒன்றையும் காட்டவில்லை.

மேலும், ஒரு விதையை இழந்தவன் அண்ணகனும் அல்ல. மீந்திருக்கும் ஒன்றே ஆண்மைக்குரிய ஹார்மோனையும் விந்தையும் பெரும்பாலும் போதுமான அளவில் தருகிறது. மீசையும் குரலும் மாறுவதில்லை. இல்லற வாழ்க்கையும் பிள்ளைப்பேறும் கூடும். வெளித்தோற்றத்துக்காகச் செயற்கை விதை வைத்துக்கொள்ளவும் வசதியுண்டு, விரும்பினால் மாத்திரம். திருமணம் பேசும்போது இதை மறைக்கக் கூடாது. நிச்சயதாம்பூலத்துக்கு முன்பாகவே பெண்ணிடமும் பெண்ணின் பெற்றோரிடமும், முடிந்தால் மருத்துவரை வைத்துக்கொண்டு, தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். கேட்டபின் விலகிப்போகிறவர்கள் போகட்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், சொந்த வீடு உண்டா என்று விசாரிக்கும் நீங்கள், இந்த வியாதியிலிருந்து குணமானவனை, புகைபிடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும் வேறொருவனைவிடக் குறைவாக எண்ணாதிருங்கள்.

சிகிச்சை முடிந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பின்பு இடைவெளி கூட்டியும், குறைந்தது ஐந்து ஆண்டுகள் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். நோய் திரும்பினாலும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே திரும்பும். அப்பொழுதும் அதைக் குணமாக்கலாம். மீந்திருக்கும் விதையைத் தானே கவனித்துவர வேண்டும். புகையிலையை அறவே விட வேண்டும். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், இம்மருந்துகள் பிற்காலத்தில் இருதயத்தைத் தாக்கக்கூடும். பிளியோமைசின் பெற்றவர்கள், பல ஆண்டுகளுக்குப் பின்பு வேறு எந்த அறுவைசிகிச்சைக்குச் சென்றாலும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அதிக அளவில் பிராணவாயு கொடுக்கப்பட்டால் அவர்களுடைய நுரையீரல் பாதிக்கப்படக்கூடும். வேலை மாறி வேறு நகரத்துக்குப் போகிறவர்கள், சிகிச்சையின் விவரச் சுருக்கத்தை மருத்துவமனையில் எழுதி வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஊரில் அம்மாவிடம் கொடுத்துவைப்பது நல்லது.